குளிர் ஒத்துக்கலையா, வீடு ஒத்துக்கலையா?

போன இதழ்ல "செவுத்துல பூசணம் இருந்தா புள்ளைக்கு இருமல் வரும்"னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். அதுக்கு மலைப்பக்கம் இருந்து வந்த கடுதாசியும் வாட்ஸ்அப்பும் கொஞ்சநஞ்சம் இல்ல, அதனால இந்த தடவை பக்கம் முழுக்க அதேதான். பேர் போடாதீங்கன்னு பல பேர் கேட்டுக்கிட்டதால ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி: டாக்டர், என் பையனுக்கு 4 வயசு. குன்னூர்ல வாடகை வீடு, ரோட்ல இருந்து படி இறங்கி வரணும், பின்னாடி மண்ணை வெட்டி கட்டினது. ஐப்பசி மழை ஆரம்பிச்சா இவனுக்கு இருமலும் ஆரம்பிச்சிரும். பகல்ல நல்லா ஓடி ஆடுவான், ராத்திரி 2 மணிக்கு மேல விடாம இருமி இருமி வாந்தி எடுத்துருவான். சிரப் மட்டும் ஏழெட்டு பாட்டில் ஆச்சு. "குளிர் ஒத்துக்கல, கீழ கொண்டு போய் விடு"ங்கறாங்க மாமியார். மேட்டுப்பாளையத்துல எங்க அம்மா வீட்டுக்கு போனா நாலே நாள்ல சரியாயிடறான், மேல வந்தா மறுபடியும் அதே கதை. அவன் கட்டிலுக்கு பின்னாடி செவுரு பூரா கறுப்பு கறுப்பா புள்ளி இருக்கு. அதுதான் காரணமா, இல்ல நெஜமாவே குளிர்தானா?
- ஒரு அம்மா, குன்னூர்

பதில்: கீழ போனா சரியாகுது, மேல வந்தா வருதுன்னு எழுதினீங்களே, ஏழெட்டு பாட்டில் சிரப்பை விட எனக்கு அந்த ஒரு வரிதான்மா உபயோகம். ஆனா அதுல ஒரு சிக்கல் இருக்கு, மேட்டுப்பாளையம் போறப்ப ரெண்டு விஷயம் சேர்ந்து மாறுது, குளிரும் மாறுது, வீடும் மாறுது. உங்க மாமியார் குளிரை மட்டும் கணக்குல எடுத்துக்கறாங்க. அதனால இப்படி செஞ்சு பாருங்க, குன்னூர்லயே மேட்டுல வெயில் படற மாதிரி ஈரம் இல்லாத வீடு சொந்தத்துல யாருக்காவது இருந்தா ஒரு வாரம் பையனை அங்க படுக்க வைங்க. அதே குளிர், அதே மழை. அங்க இருமல் அடங்கினா குளிர் மேல போட்ட பழியை பாதியாவது எடுத்துடலாம். முழுசா எடுக்க முடியாது, ஏன்னா ஆஸ்துமா இருக்கற குழந்தைக்கு சில்லுன்னு காத்து பட்டாலும் இழுக்கும், சளி ஜுரம் வந்தாலும் இழுக்கும்.

ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு பாப்பாவோட வீட்டுக்கு நானே போய் பார்த்தேன். ரூமு பளிச்சுனு இருந்தது, புதுசா பெயிண்ட் அடிச்சிருந்தாங்க, "பாருங்க டாக்டர், எங்க வீட்ல பூசணமே கிடையாது"ன்னாங்க அவங்க அப்பா. பீரோவை ஒரு அரை அடி நகர்த்த சொன்னேன். பின்னாடி செவுரு கரும்பச்சையா வெல்வெட் துணி மாதிரி இருந்தது, விரலை வச்சா விரல்ல மை மாதிரி ஒட்டுது. பாப்பா படுக்கற தலகாணிக்கும் அதுக்கும் நடுவுல ஒரு முழம் கூட இல்ல. அந்த மக்கல் வாடை வீட்ல இருக்கறவங்களுக்கு பழகிப்போயிருக்கும், வெளிய இருந்து வர்றவங்க மூக்குக்குத்தான் அடிக்கும். அதனால வீட்டுக்கு வர்ற விருந்தாளி முகம் சுளிச்சா கோவப்படாதீங்க.

பூசணம் காத்துல விடறது கண்ணுக்கு தெரியாத பொடி மாதிரி வித்துங்க. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு கூட இருக்காது, அதனால அதுல சின்ன வித்துங்க மூச்சுக்குழாய்ல ரொம்ப உள்ள வரைக்கும் போயிரும். அலர்ஜி உடம்புக்காரங்களுக்கு அது பட்டா குழாய் உள்பக்கம் வீங்கி, சுத்தி இருக்கற தசை இறுகி, வழி குறுகிடும். அந்த சந்து வழியா காத்து போறப்ப வர்ற சத்தத்தைத்தான் வீசிங்னும் இளைப்புன்னும் சொல்றோம். சின்னப் பசங்களுக்கு குழாயே சின்னது, உடம்பு எடைக்கு நம்மளை விட அதிகமா காத்து இழுக்கறாங்க, நுரையீரலும் இன்னும் வளர்ந்துட்டு இருக்கற வயசு, அதனாலதான் ஒரே வீட்ல அப்பாவுக்கு வெறும் தும்மல், புள்ளைக்கு இழுப்பு. உலக சுகாதார நிறுவனம் 2009லயே இதுக்குன்னு தனியா ஒரு வழிகாட்டி போட்டுச்சு, ஈரமும் பூசணமும் இருக்கற வீட்ல இருக்கறவங்களுக்கு இருமல், வீசிங், ஆஸ்துமா அதிகம்னு அதுல தெளிவாவே இருக்கு.

நீங்க எழுதினதை வச்சு பார்த்தா எனக்கு முதல் சந்தேகம் ஆஸ்துமாதான், ஆனா லெட்டரை பார்த்து முடிவு சொல்ல மாட்டேன். குழந்தை டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க. அதுக்கு முன்னாடி ஒரு நோட்டுல ரெண்டு வாரம் எழுதுங்க, எத்தனை மணிக்கு இருமினான், எந்த ரூம்ல படுத்தான், அன்னைக்கு மழையா வெயிலா, துணி உள்ள காஞ்சுதான்னு. ஊதி பார்க்கற ஸ்பைரோமெட்ரி டெஸ்ட் அஞ்சாறு வயசுக்கு மேலதான் ஒழுங்கா வரும், 4 வயசுல டாக்டருக்கு இந்த நோட்டுதான் டெஸ்ட். ரெண்டு வாரத்துக்கு மேல போற இருமல்னா டிபி இல்லைன்னும் பார்த்துடணும், கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரில ஃப்ரீதான். திடீர்னு ஒரு நாள் வேர்க்கடலை சாப்பிடறப்ப புரையேறி அதுல இருந்து இருமல்னா அதையும் மறக்காம சொல்லுங்க, கடலை மூச்சுக்குழாய்ல மாட்டிட்டு மாசக்கணக்கா இருமின குழந்தைங்க உண்டு.

இன்னொண்ணு, அரிதுதான், ஆனா சொல்லிடறேன். பூசண வித்தையோ புறா எச்சத்தையோ தினமும் சுவாசிச்சா சிலருக்கு குழாய் மட்டும் இல்லாம நுரையீரலோட சதையே வீங்கும். இதுல வீசிங் சத்தம் பெருசா வராது, படி ஏறினா மூச்சு வாங்கும், எடை குறையும், ஜுரம் வந்து வந்து போகும். ஜப்பான்ல பழைய மரவீடுங்கள்ல கோடை ஈரத்துல வளர்ற ஒரு பூஞ்சையால இது வந்து, அங்க அதுக்கு கோடை நிமோனியான்னே பேரு. இங்க ஓட்டுக்கு அடியில புறா கூடு கட்டியிருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, அவங்களா கேட்க மாட்டாங்க.

பையன் அமைதியா தூங்கறப்ப சட்டையை தூக்கி ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்க. 1 வயசுல இருந்து 5 வயசு வரைக்கும் நிமிஷத்துக்கு 40ம் அதுக்கு மேலயும் போனா, விலா எலும்புக்கு நடுவுல குழி விழுந்தா, பேச முடியாம திணறினா, உதடு நீலமானா காலைல பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க, 108ஐ கூப்பிடுங்க.

கேள்வி: 2021ல கொரோனா ரெண்டாவது அலைல கறுப்பு பூஞ்சைன்னு வந்து கண்ணெல்லாம் எடுத்தாங்களே, எங்க வீட்டு செவுத்துல இருக்கறதும் அதுதானா? பேத்தியை நினைச்சு தூக்கமே வரல.
- ஒரு பாட்டி, கோத்தகிரி

பதில்: இல்லம்மா, நிம்மதியா தூங்குங்க. அது மியூகோர்மைகோசிஸ், சர்க்கரை கட்டுப்பாடு இல்லாதவங்களையும் ஸ்டீராய்டு அதிகமா எடுத்தவங்களையும்தான் பெரும்பாலும் பிடிச்சது. அந்த பூஞ்சையோட நிறம் கறுப்பு இல்ல, அது தாக்கின சதை செத்துப்போய் கறுப்பாகும், அதனால வந்த பேரு. உங்க செவுத்துல இருக்கறது வேற வகை, வேற தொல்லை. பேத்தி புற்றுநோய்க்கு மருந்து எடுக்கற குழந்தையா இருந்தாலோ, எதிர்ப்பு சக்தியை குறைக்கற மாத்திரை சாப்பிட்டாலோ மட்டும் எந்த பூஞ்சையும் ஆபத்துதான், அப்ப அந்த ரூம்ல படுக்கவே வைக்காதீங்க.

கேள்வி: சார், பந்தலூர் பக்கம் எஸ்டேட் லைன் வீடு. ப்ளீச்சிங் பவுடர் போட்டு தேய்ச்சு பெயிண்ட் அடிச்சாச்சு, மூணு வருஷமா இதே வேலை, ஆனி மாசம் வந்தா திரும்பவும் பூத்துருது. பொண்ணுக்கு 7 வயசு, இன்ஹேலர்ல இருக்கா. என்ன பெயிண்ட் அடிக்கலாம்?
- ஒரு அப்பா, நீலகிரி

பதில்: பெயிண்ட் கடைக்கு போகாதீங்க தம்பி. நான் பொறந்து வளர்ந்ததும் லைன் வீடுதான், ஆடி மாசம் ட்ரங்குப் பெட்டியை திறந்தா பள்ளிக்கூட சட்டைல கூட பொரிப்பொரியா பூத்திருக்கும், எங்கம்மா கணப்பு மேல காட்டி காட்டி போட்டு விடுவாங்க. பூசணத்துக்கு தண்ணி வேணும், அவ்ளோதான். தண்ணி வர்ற வரைக்கும் நீங்க எந்த கம்பெனி பெயிண்ட் அடிச்சாலும் அது பெயிண்ட்டுக்கு மேல வந்து உட்காரும், எனாமல் அடிச்சா செவுத்துக்குள்ள இருக்கற ஈரம் வெளிய வர வழியில்லாம பொக்கை பொக்கையா உரியும்.

முதல்ல தண்ணி எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிங்க. அடுப்பங்கரைல சப்பாத்தி சுத்தற அலுமினிய ஃபாயில் இருந்தா ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டி, செவுத்தை துணியால துடைச்சுட்டு, நாலு ஓரமும் டேப் போட்டு காத்து போகாம ஒட்டுங்க. ரெண்டு நாள் விட்டு பாருங்க. ரூம் பக்கமா ஃபாயில் மேல முத்து முத்தா தண்ணி நின்னா, வீட்டுக்குள்ள இருக்கற ஆவி குளிர்ந்த செவுத்துல படிஞ்சு தண்ணியாகுது. ஃபாயிலை உரிச்சா அதோட முதுகு நனைஞ்சிருந்தா வெளிய இருந்து செவுத்துக்குள்ள ஓதம் ஏறுது. ரெண்டு பக்கமும் நனைஞ்சா, நம்மூர்ல அதுவும் சகஜம், ரெண்டு வேலையும் செய்யணும்.

ஓதம்னா வேலை வெளிய. பின்பக்கம் மண்ணு செவுத்தோட ஒட்டி கிடக்குதா பாருங்க, மண்வெட்டி எடுத்து செவுத்துக்கும் மேட்டுக்கும் நடுவுல ஒரு வாய்க்கால் எடுத்து தண்ணியை பக்கவாட்டுல வடிய விடுங்க. தடுப்புச் செவுத்துல தண்ணி வடியறதுக்கு விட்ட ஓட்டைல மண்ணோ புல்லோ அடைச்சிருக்கும், கம்பி விட்டு குத்தி எடுங்க. தகரம் உடைஞ்சது, தண்ணி பைப் கசியறது எல்லாம் எஸ்டேட் ஆபீஸ்ல எழுதிக் குடுங்க, தோட்டத் தொழிலாளிக்கு வீடு குடுக்கறது நிர்வாகத்தோட பொறுப்புன்னு 1951 சட்டத்துலயே வந்தாச்சு. வாயால சொல்லாதீங்க, எழுதி ஒரு நகல்ல கையெழுத்து வாங்கிக்கோங்க.

உள்ள வர்ற ஆவிக்கு காரணம் பெரும்பாலும் துணி காயப்போடறது. மழை மாசத்துல வேற எங்க காயப்போடறதுன்னு நீங்க கேட்கறது எனக்கு கேட்குது, வராண்டால சாக்கு மறைப்பு கட்டியாவது அங்க போடுங்க, பொண்ணு படுக்கற இடத்துல மட்டும் கொடி கட்டாதீங்க. சோறு வடிக்கறப்பவும் வெந்நீர் போடறப்பவும் மூடி போடுங்க, அடுப்பங்கரை ஜன்னலை ஒரு கால் மணி நேரம் திறந்துட்டு மூடுங்க. நாள் பூரா ஜன்னலை திறந்து வைங்கன்னு கீழ்நாட்டு டாக்டருங்க ஈஸியா சொல்லிருவாங்க, இங்க திறந்தா மேகமே வீட்டுக்குள்ள வந்து உட்காரும். வெயில் எட்டிப் பார்க்கற நேரம் எதுவோ அப்ப திறங்க, கம்பளியையும் தலகாணியையும் வெளிய தூக்கி போடுங்க. ஈரப்பதம் காட்டற குட்டி மீட்டர் சில நூறு ரூபாய்க்கு கிடைக்குது, 60 சதவீதத்துக்கு கீழ வச்சிருக்க முடிஞ்சா பூசணம் அடங்கும், பந்தலூர்ல ஆடி மாசம் அது கஷ்டம்தான், இருந்தாலும் எந்த வேலை செஞ்சா முள்ளு ஏறுதுன்னு தெரிஞ்சுக்கலாம். கட்டிலையும் பீரோவையும் செவுத்துல இருந்து நாலு விரக்கடையாவது தள்ளி போடுங்க.

இருக்கறதை துடைக்கறப்ப பொண்ணை பக்கத்து வீட்ல விடுங்க. காஞ்ச பிரஷ் போட்டு சுரண்டினா வித்து பூரா காத்துல பறக்கும், சோப்புத் தண்ணில நனைச்ச துணியால துடைச்சு அந்த துணியை தூக்கி போட்டுடுங்க, கைக்கு உறை, மூஞ்சிக்கு என்95 மாஸ்க். ப்ளீச்சிங் பவுடர் கறையை வெளுக்கும், ஆனா செத்த பூசணமும் அலர்ஜி பண்ணும், அதனால துடைச்சு எடுக்கறதுதான் முக்கியம். டாய்லெட் கழுவற ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒண்ணா கலக்கவே கலக்காதீங்க, குளோரின் கேஸ் வரும், இழுப்பு இருக்கற குழந்தை வீட்ல அதை விட மோசமானது இல்ல. பூசணம் ஊறின பஞ்சு மெத்தை, அட்டைப் பெட்டி, சீலிங் அட்டை எல்லாம் தேறாது.

இன்னொண்ணு, குளிருக்கும் ஈரத்துக்கும்னு சட்டியில கரி கங்கு போட்டு கதவை சாத்திட்டு படுக்கற பழக்கம் மலைல இன்னும் இருக்கு. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூங்கினவங்க எழுந்திருக்காம போன சம்பவம் நீலகிரிலயும் கொடைக்கானல்லயும் நடந்திருக்கு. எங்கம்மா கணப்பு வெளித் திண்ணைல இருக்கும், அதுல துணி மட்டும்தான் காயும்.

கேள்வி: கறுப்பு பூசணம் இருக்கற வீட்ல கைக்குழந்தைக்கு நுரையீரல்ல ரத்தம் வரும்னு ஒரு வீடியோல பார்த்தேன். எங்க பாப்பாவுக்கு 5 மாசம். பயமா இருக்கு.
- ஒரு தங்கச்சி, கொடைக்கானல்

பதில்: அந்த வீடியோக்காரர் பாதிக் கதை சொல்லிட்டு நிறுத்திட்டார். அமெரிக்காவுல கிளீவ்லாண்ட்ங்கற ஊர்ல 1993, 94ல எட்டு கைக்குழந்தைங்களுக்கு நுரையீரல்ல ரத்தம் கசிஞ்சுது, அது நெஜம். அந்த குடும்பங்க இருந்த வீடுங்க பல தடவை தண்ணி புகுந்த வீடுங்க, அங்க ஸ்டாக்கிபாட்ரிஸ்னு ஒரு கறுப்பு பூசணம் நிறைய இருந்துச்சு. உடனே அதுதான் காரணம்னு உலகம் பூரா பரவிருச்சு. அப்புறம் அங்க இருக்கற சிடிசி, நம்ம சுகாதாரத் துறை மாதிரி, அந்த ஆராய்ச்சியை மறுபடி நோண்டி பார்த்துட்டு கணக்கெடுத்த விதத்துல ஓட்டை இருக்கு, பூசணத்தாலதான்னு நிரூபணம் ஆகலைன்னு 2000ல சொன்னாங்க. 2004ல அங்க ஒரு பெரிய நிபுணர் குழுவும் ஆதாரம் போதாதுன்னுதான் எழுதுச்சு. ஆனா அதே குழு, ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு ஈர வீட்டால தொல்லை கூடும்ங்கறதுக்கு ஆதாரம் போதுமானதுன்னும் எழுதுச்சு, அதை வீடியோல யாரும் சொல்றதில்ல, சொன்னா யாரு பார்ப்பா.

அந்த கிளீவ்லாண்ட் வீடுங்கள்ல இன்னொண்ணும் கவனிச்சாங்க, குழந்தை இருக்கற இடத்துல சிகரெட் புகை. உங்க வீட்ல யாராவது பீடி சிகரெட் பிடிச்சா பூசணத்துக்கு முன்னாடி அதை நிறுத்துங்க. நிறத்தை வச்சு எந்த பூசணம்னு சொல்லவும் முடியாது, லேப்ல குடுத்து டெஸ்ட் பண்ண காசும் செலவழிக்க வேண்டாம், இவ்ளோ வித்து இருந்தா பரவாயில்லன்னு ஒரு அளவே யாரும் வைக்கல. எது இருந்தாலும் வேலை ஒண்ணுதான், காய வச்சு துடைச்சு எடுக்கறது. பாப்பா இருமறப்ப நெஜமாவே ரத்தம் வந்தா, அது எதனால வந்தாலும் சரி, அப்பவே ஆஸ்பத்திரி.

கேள்வி: பேரனுக்கு 6 வயசு. இன்ஹேலர் குடுத்திருக்காங்க. அது பழகிட்டா அப்புறம் விடவே முடியாதாமே? மாத்திரை குடுத்தா போதாதா? நான் நீலகிரி தைலத்தை நெஞ்சுல தேய்ச்சு ரெண்டு சொட்டு சர்க்கரைல விட்டு குடுக்கறேன், எங்க காலத்துல இதுலயே சரியாச்சு.
- ஒரு தாத்தா, ஊட்டி

பதில்: ஐயா, கோவிச்சுக்காதீங்க, அந்த ரெண்டு சொட்டை இன்னைக்கே நிறுத்துங்க. தைலம் நம்ம ஊர் பெருமைதான், வர்க்கிக்கு அடுத்தபடி எல்லாரும் வாங்கிட்டு போறதும் அதுதான். ஆனா குழந்தை வயித்துக்குள்ள போனா கொஞ்சமா இருந்தாலே வலிப்பு வர்ற அளவுக்கு விஷம். பாட்டிலை எட்டாத உயரத்துல வைங்க. சின்னக் குழந்தைங்க மூக்குகிட்ட தடவவும் கூடாது, அந்த காரத்துக்கே மூச்சுக்குழாய் இறுகிக்கும். சாம்பிராணி, கொசுவத்திச் சுருள் எல்லாமும் அதே கதைதான், சாமி ரூம்ல காட்டுங்க, பேரன் படுக்கற ரூம்ல வேண்டாம்.

இன்ஹேலர் பழக்கம் ஆகாது. கணக்கு சொல்றேன் பாருங்க, மூச்சுக்குழாயை விரிக்கற சல்பூட்டமால் மருந்து இன்ஹேலர்ல ஒரு தடவை அமுக்கினா 100 மைக்ரோகிராம். அதே மருந்து 2 மில்லிகிராம் மாத்திரைல 2,000 மைக்ரோகிராம், அதாவது 20 தடவை அமுக்கினதுக்கு சமம், அதுவும் ரத்தத்துல போய் உடம்பெல்லாம் சுத்தி கை நடுங்க வச்சுட்டுத்தான் நெஞ்சுக்கு வரும். எது கடுமையான மருந்துன்னு நீங்களே சொல்லுங்க. இந்த வயசுக்கு ஸ்பேசர்ங்கற குழாய் மாட்டித்தான் குடுக்கணும், நேரா வாயில அடிச்சா பாதி மருந்து நாக்குலயே நின்னுடும். தினமும் எடுக்க சொன்ன ஸ்டீராய்டு இன்ஹேலர்னா அதை எடுத்துட்டு வாய் கொப்பளிக்க வைங்க, இருமல் நின்னுடுச்சுன்னு நீங்களா நிறுத்தாதீங்க.

கேள்வி: ஹவுஸ் ஓனர்கிட்ட ஓதத்தை பத்தி சொன்னா "நீங்க ஜன்னல் திறக்கறதில்ல, உள்ளயே துணி காயப்போடறீங்க, உங்க மேலதான் தப்பு"ங்கறார். என்ன செய்யறது?
- ஒரு வாசகி, ஊட்டி

பதில்: இதே வசனத்தை இங்கிலாந்துலயும் சொன்னாங்க. ராச்டேல்னு ஒரு ஊர்ல குடியிருப்பு நிறுவனத்தோட ஒரு பெட்ரூம் வீட்ல ஒரு குடும்பம், அப்பா 2017ல இருந்தே பூசணம்னு புகார் குடுத்தார், மேல பெயிண்ட் அடிச்சுக்கோங்கன்னு சொன்னாங்க, நீங்க வாழற விதம்தான் சரியில்லன்னு எடுத்துக்கிட்டாங்க. 2020 டிசம்பர்ல அவங்க பையன் மூச்சு முட்டி செத்துப் போனான், 2 வயசு. 2022 நவம்பர்ல விசாரணை அதிகாரி, வீட்டுல ரொம்ப நாள் பூசணத்தை சுவாசிச்சதாலதான்னு தீர்ப்பு சொன்னார். அந்த பையன் அவாப் பேர்லயே இப்ப அங்க சட்டம் இருக்கு, 2025 அக்டோபர்ல அமலுக்கு வந்துச்சு, பெரிய ஆபத்துன்னு புகார் வந்தா அந்த மாதிரி நிறுவனங்க 10 வேலை நாளுக்குள்ள வந்து பார்க்கணும், அவசரம்னா 24 மணி நேரத்துக்குள்ள.

நம்மகிட்ட பூசணத்துக்குன்னு அப்படி ஒண்ணு இல்ல. ஆனா தமிழ்நாட்டுல 2017 வாடகைச் சட்டப்படி கட்டடத்தோட பெரிய ரிப்பேர் ஓனர் தலையிலதான். ஃபாயில் டெஸ்ட் மேல சொன்னேனே, அதை செஞ்சு முதுகுப்பக்கம் நனைஞ்சதை தேதியோட போட்டோ எடுத்து அவருக்கு அனுப்புங்க. துணி காயப்போட்டா செவுத்துக்கு உள்ள இருந்து தண்ணி வராதுன்னு அவருக்கும் புரியும். ரூம் பக்கம் நனைஞ்சா ஓனர் சொல்றதுலயும் கொஞ்சம் நியாயம் இருக்கு, அதையும் ஒத்துக்கணும்.

கேள்வி: டாக்டர் அங்கிள், என் ஸ்கூல் ஷூவுக்குள்ள வெள்ளையா பூசணம் வந்துடுச்சு. அதை போட்டுட்டு போனா எனக்கும் வீசிங் வருமா?
- 7ம் வகுப்பு மாணவி, குன்னூர்

பதில்: ஷூவால வராது கண்ணு, கால்ல மூக்கு இல்லையே. ஆனா தட்டறப்ப மூஞ்சிகிட்ட வச்சு தட்டாத, வாசல்ல வச்சு ஈரத்துணியால துடைச்சுடு. ராத்திரி பழைய பேப்பரை கசக்கி உள்ள திணிச்சு வை, காலைல பேப்பர் நமத்துப்போயிருந்தா அடுத்த நாளும் வேற பேப்பர் மாத்து. கட்டிலுக்கு அடியில மட்டும் வைக்காத.